அரை மணி நேரம் யாருடையது

ஈப்போவில் குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றைச் சுற்றி வாழும் தமிழர்களின் சமய வாழ்க்கையில் சோறு போடுவதற்கு உள்ள இடம் பெரிது. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரை வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். ஆடி மாதத்து அம்மன் திருவிழாவாகட்டும், புரட்டாசிச் சனிக்கிழமையாகட்டும், அன்னதானம் இல்லாமல் ஒரு விசேஷம் நிறைவடைவதில்லை. பசித்த வயிற்றை நிரப்புவதைவிடப் பெரிய புண்ணியம் கிடையாது என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஆனால் அதே வட்டாரத்தில், திருவிழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் ஒருவருக்குத் தன் சொந்தச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிறதா என்பது சமயத்தின் கேள்வியாக யாருக்கும் தோன்றுவதில்லை. அது தொழிலாளர் இலாகா பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் ஒரே கேள்வி என்பதுதான் என் வாதம். இரண்டாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாதவரை, முதலாவதில் சேர்த்த புண்ணியத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1957 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவு, எந்தத் தொழிலாளியையும் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்கிறது. பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று துண்டு துண்டாக விட்டுக் கணக்குக் காட்ட முடியாது. 30 நிமிடத்துக்குக் குறைந்த எந்த இடைவெளியும் அந்த 5 மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. இடைவிடாமல் நடந்தாக வேண்டிய வேலையில் ஆள் விலக முடியாது என்றால் 8 மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம், ஆனால் அதற்குள்ளேயே மொத்தம் 45 நிமிடமாவது சாப்பிட வாய்ப்புத் தர வேண்டும். வங்காள விரிகுடாவின் அந்தக் கரையில், இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டமும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் இதே 5 மணி நேரம், அரை மணி நேரம் என்ற கணக்கைத்தான் வைத்தன. பிரிட்டனில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிடம். அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டமோ வயது வந்த தொழிலாளிக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்துவதில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாமாகச் சட்டம் போட்டிருக்கின்றன. உணவைப் பற்றிப் பேசாத சமயம் உலகில் இல்லை. அப்படியிருந்தும் உண்ணும் நேரத்தைச் சட்டம் வந்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதை நாம் சும்மா கடந்துபோகக்கூடாது.

சமய நம்பிக்கை உள்ள ஒரு நல்ல முதலாளி இதற்கு ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். அதை மதித்தே கேட்க வேண்டும். "என் ஆட்களை நான் பட்டினி போடுவதில்லை. பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறேன், பசித்தால் சாப்பிடப் போகச் சொல்கிறேன். மனம் உவந்து செய்வதுதான் தர்மம். அபராதத்துக்குப் பயந்து செய்தால் அதில் என்ன தர்மம் இருக்கிறது? சட்டம் குறுக்கே வந்து என் அறத்தைக் கட்டாயமாக்கிவிட்டது" என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: அந்த அரை மணி நேரம் முதலாளியின் சொத்து, அவர் விரும்பினால் அதை எடுத்துக் கொடுக்கலாம் என்பது. தானத்தின் முதல் நிபந்தனை, கொடுக்கும் பொருள் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான். அடுத்தவர் பணத்தை எடுத்துக் கோயில் உண்டியலில் போட்டால் அது காணிக்கை ஆகாது. ஒரு மனிதரின் உழைப்பை வாங்கலாம், அவருடைய திறமையை எட்டு மணி நேரத்துக்குக் கூலிக்கு அமர்த்தலாம். அவர் உடம்பு மறுபடி பசிப்பதையும், அந்தப் பசியைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தையும் யாரும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது. அந்த அரை மணி நேரத்தை விடுகிற முதலாளி தொழிலாளியுடையதைத் தொழிலாளியிடம் விடுகிறார். அதில் புண்ணியமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. புண்ணியம் வேண்டுமென்றால் அதற்கு மேலே செய்ய இடம் தாராளமாக இருக்கிறது: உட்கார நல்ல மேசை, கை கழுவத் தண்ணீர், சாப்பாட்டுக்கு ஒரு தொகை. சட்டம் இவற்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

மனம் உவந்த தர்மம் இந்த அரை மணி நேரத்தைத் தானாகக் கொண்டுவந்துவிடுமா என்பதை வரலாறு சோதித்துப் பார்த்திருக்கிறது. 1884-இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே மில் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு மனுத் தயாரித்தார். ஏறத்தாழ 5,500 பேர் அதில் கையெழுத்திட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, காலை 6.30-க்கு முன்னால் வேலை தொடங்கக் கூடாது, மாதச் சம்பளம் 15-ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, நண்பகலில் அரை மணி நேர ஓய்வும் அதில் இருந்தது. பம்பாய் மில் முதலாளிகள் கருமிகள் அல்லர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்திரம் என்று அள்ளிக் கொடுத்தவர்கள். அவர்களில் முன்னணியில் நின்ற தின்ஷா பெட்டிட் அதே 1880-களில் பரேலில் விலங்குகளுக்கு ஒரு மருத்துவமனை அமைய இடம் கொடுத்தவர். அது இன்றும் நடக்கிறது. அவருடைய இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நோயுற்ற மாட்டுக்கும் குதிரைக்கும் இரங்கிய ஒரு நகரத்தில், நடுப்பகலில் அரை மணி நேரம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். லோகண்டே, சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். தொழிலாளிக்குத் தன் குலதெய்வத்தைக் கும்பிடவும் தன் சமூகத்துக்கு ஏதாவது செய்யவும் ஒரு நாள் வேண்டும் என்ற கோணத்திலும் அவர் வாதாடினார். அந்த மனுவில் இருந்த நடுப்பகல் ஓய்வு பின்னர் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது. கொடையாளிகள் நிறைந்த ஊரிலும் அது கொடையாக வரவில்லை.

இதற்கு நம் மரபிலேயே ஓர் அடித்தளம் இருக்கிறது. 1867 மே மாதம் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், பசி தீர்ப்பதைத் தன் சன்மார்க்கத்தின் நடுவில் வைத்தார். அவர் மூட்டிய அடுப்பு அன்றிலிருந்து அணையாமல் எரிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் இருக்கும் சன்மார்க்க சங்கங்களும் அந்த வழியில் சோறு போடுகின்றன. அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் நாம் கவனிக்காமல் விடுவது அவர் காட்டும் காரணத்தை. சோறு போடுகிறவருக்குப் புண்ணியம் சேரும் என்பதை மட்டும் அவர் சொல்லியிருந்தால் அது பழைய அன்னதானக் கோட்பாட்டின் தொடர்ச்சியாக நின்றிருக்கும். இரக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் ஆராய்கிறார். உயிர்கள் எல்லாம் ஓர் இறைவனிடமிருந்து வந்த சகோதரங்கள், அந்த உறவால்தான் ஓர் உயிரின் துன்பம் இன்னோர் உயிரை உருக்குகிறது என்று விடை காண்கிறார். இதை ஏற்றுக்கொண்டால் பசித்தவன் பிச்சை கேட்பவனாக நம் முன் நிற்கவில்லை. உறவுமுறையில், உரிமையோடு நிற்கிறான். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் தம்பி அவனுக்கு நேரம் ஒதுக்கித் தந்ததாக ஊரில் சொல்லிக்கொள்வதில்லை. வேலை வாய்ப்புச் சட்டத்தை எழுதியவர்கள் வடலூரை நினைத்து எழுதவில்லை என்பது உண்மை. ஆனாலும் வள்ளலாரைப் பின்பற்றுகிறவர் அந்தச் சட்டத்தைத் தன்னுடையதாக ஏற்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

"தோட்டத்தில் இருந்தபோது இந்தச் சட்டமெல்லாம் யாருக்குத் தெரியும்? பசியாற நேரமில்லை என்று யாராவது சொன்னதுண்டா?" என்று பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பதிலை மரத்திடம்தான் தேட வேண்டும். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும்; வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து வடிவது நின்றுபோகும். ஆகவே வெட்டுக்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு 400, 500 மரங்களைச் சீவி முடிக்கும்வரை நிற்பதில்லை. கடைசி மரத்தையும் சீவிய பிறகு, மரத்தில் கட்டிய மங்கில் பால் நிறையும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில்தான் பசியாறல். மரத்தடியில் குந்தி, விரல்களில் காய்ந்து ஒட்டிய பாலைத் தோல்போல உரித்துப் போட்டுவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து, வரக்காப்பியும் ரொட்டியும், இல்லையென்றால் முந்தின நாள் சோறு. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே நிரை. அந்த இடைவேளையைக் கொடுத்தது துரையும் இல்லை, கிராணியும் இல்லை. அவசரப்படுத்தினால் பால் கூடப்போவதில்லை என்பதால் அது தப்பிப் பிழைத்தது. மரம் காத்திருக்க வைக்காத வேலையில், வெளிக்காட்டில் புல்வெட்டியவர்களுக்கு, நேரம் கங்காணியின் கையில் இருந்தது. பின்னால் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, அங்கிருந்து கிளம்பியவர்கள் தொழிற்சாலை வரிசையிலும் பேரங்காடியிலும் போய் நின்றார்கள். இயந்திரத்துக்குப் பால் வடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. இயற்கை தற்செயலாகக் காத்துவந்ததை இனி மனிதர்கள் தெரிந்தே காக்க வேண்டும் என்ற நிலை வந்தது. தோட்டத்தை நினைத்து ஏங்குகிறவர்கள், அந்த இடைவேளை யாருடைய நல்ல மனத்தையும் நம்பி நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் பலர் இந்த இடத்தில் எளிதான ஒரு வாதத்தை எடுப்பார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தால் நன்றாக வேலை செய்வார், விபத்துக் குறையும், உற்பத்தி கூடும், ஆகவே முதலாளிக்கும் லாபம் என்பார்கள். சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை அடிப்படையாக வைத்தால், சாப்பாடு வேலைக்கான எரிபொருளாகிவிடும். எவ்வளவு குறைந்த எரிபொருளில் வண்டி ஓடும் என்பது அடுத்த கேள்வியாக வரும். அந்தக் கேள்வியை நம் முன்னோர் மீது ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கான தினக்கூலியை பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியமாகவும் சிறு காசாகவும் குறைத்தார். மண் சுமந்து கல் உடைப்பவர்கள் அதை வைத்து உயிர் வாழ முடியும் என்பது அவர் கணக்கு. முடியாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அந்தப் பஞ்சம் மிதித்த ஊர்களிலிருந்து பிற்பாடு கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் ஈப்போவைச் சுற்றி இன்றும் வாழ்கிறார்கள். டெம்பிளின் கணக்குத் தப்பு என்பதோடு நாம் நின்றுவிடக்கூடாது. அவர் கணக்குச் சரியாகவே இருந்து, அந்த ஒரு பவுண்டில் ஆள் சாகாமல் வேலை செய்திருந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்டது அதர்மம்தான். இடைவேளையால் உற்பத்தி ஒரு துளியும் கூடாமல் போனாலும், சற்றுக் குறைந்தே போனாலும், அந்த அரை மணி நேரம் தொழிலாளியுடையதாகவே இருக்கும்.

எதிர்ப்புகளிலேயே வலுவானது தொழிலாளியின் வாயிலிருந்து வருவது. "எனக்குச் சாப்பாடு வேண்டாம். அரை மணி முன்னால் வீட்டுக்கு விடுங்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்" என்று ஒரு தாய் கேட்டால் சட்டம் அவர் கையைக் கட்டுவது சரியா? நேரம் அவருடையது என்று நானே சொல்லிவிட்டு, அதை விற்கவோ மாற்றவோ கூடாது என்று எப்படிச் சொல்வது? இங்கே விரதத்தைப் பற்றி யோசித்தால் வழி தெளிகிறது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவரும், ரமலானில் நோன்பு பிடிப்பவரும் மத்தியானம் சாப்பிடுவதில்லை. அவர்கள் வயிறும் பட்டினி கிடப்பவரின் வயிறும் காலி என்ற அளவில் ஒன்றுதான். ஆனால் விரதத்தில் சாப்பாடு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதை விலக்கும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது. பட்டினியில் அந்த அதிகாரம் வேறொருவர் கையில். சாப்பிட முடியாதபடி வைக்கப்பட்டவர் விரதம் இருக்கவே முடியாது. அவரிடம் விடுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இடைவேளைச் சட்டம் காப்பது சோற்றை மட்டுமன்று, விரதத்தையும்தான். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2012-இல் பிரிங்கர் வழக்கில், முதலாளி தொழிலாளியை எல்லா வேலையிலிருந்தும் முழுமையாக விடுவிக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று காவல் காக்க வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அது சரியென்றே நினைக்கிறேன். தொழிலாளி அந்த நேரத்தில் உண்ணலாம், உறங்கலாம், தொழலாம். விற்பது மட்டும் வேறு விஷயம். ஒருவர் விற்கலாம் என்று வந்துவிட்டால், விற்காதவருக்கு வேலை கிடைக்காது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திணறுகிறவர்தான் முதலில் விற்பார். அவர் ஒப்புதலை விருப்பம் என்று எழுதிக்கொள்வது கஷ்டம். நோன்பு மாதத்தில் மதிய ஓய்வைச் சுருக்கி மாலையில் முன்னதாக விடும் ஏற்பாட்டை நான் தவறென்று சொல்லமாட்டேன். அது நோன்பாளியின் தேவைக்காக, எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரு மாத எல்லைக்குள் நடப்பது. முதலாளிக்கு ஒரு நிமிடமும் கூடுதலாகப் போவதில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய தாய்க்கும் அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். அதற்கு விலையாக அவருடைய சோற்றைக் கேட்கக்கூடாது.

இடைவிடாத வேலைக்கான விதிவிலக்கு இதைவிடச் சிக்கலானது. சிம்பாங் பூலாய்ப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளையில் நெருப்பை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தாதி கட்டிலை விட்டு நகர முடியாது. சட்டம் இதைப் புரிந்துகொண்டு கொடுத்த விலக்கு நேர்மையானதுதான். ஆனால் இன்று இந்த விலக்கின் நிழலில் ஒதுங்கும் வேலைகளைப் பாருங்கள். ஒரு வீடமைப்புப் பகுதியின் நுழைவாயிலில் ஜாகா, அதாவது காவல் வேலை. 12 மணி நேரம், ஒரே ஆள். நாசி லெமாக் பொட்டலத்தைப் பதிவுப் புத்தகத்தின் மேல் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு கார் வருகிறது. சோற்றுக்கையை மடக்கிக்கொண்டு இடக்கையால் பொத்தானை அமுக்கித் தடுப்புக் கம்பத்தைத் தூக்குகிறார். அடுத்து வெளியாள் ஒருவர்; கையைத் துடைத்துக்கொண்டு வண்டி எண்ணை எழுதுகிறார். மறுபடி பொட்டலத்தின் முன் உட்காரும்போது இன்னொரு ஹாரன். இவருக்குச் சாப்பிட வாய்ப்பு இருந்ததா? வேலை நேரத்துக்கு அதே 60ஏ பிரிவு தரும் விளக்கம் இதற்குப் பதில் சொல்கிறது: தொழிலாளி தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே. அதனால்தான் 45 நிமிடம் அந்த 8 மணி நேரத்துக்கு உள்ளேயே அடங்குகிறது. உடம்பு இன்னும் வாசலில் கட்டுண்டு கிடக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் சூளையும் தீவிரச் சிகிச்சைப் பிரிவும் கேட்கிற விலக்கை, இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத ஒரு குடியிருப்பும் கேட்க முடியுமா? வேலையின் இயல்பால் விலக முடியாதது வேறு; ஆள் போடாததால் விலக முடியாதது வேறு. பின்னதை விலக்கு என்று சொல்வது சட்டத்தின் எழுத்துக்கு ஒருவேளை ஒத்துவரலாம், அறத்துக்கு ஒத்துவராது.

சிறு கடைக்காரரின் கஷ்டத்தையும் நான் தள்ளவில்லை. கணவன் மனைவி, ஓர் உதவியாள் என்று நடக்கும் சாப்பாட்டுக் கடையில் மத்தியானம்தான் வியாபாரமே. முதலாளியும் சாப்பிடாமல்தான் நிற்கிறார். ஆனால் சட்டம் 12 மணிக்கு விடு என்று சொல்லவில்லை. 5 மணி நேரத்துக்குள் என்றுதான் சொல்கிறது. காலை 8-க்கு வந்தவரைப் பதினொன்றரைக்கே விட்டுவிட்டால் கூட்டம் வருவதற்குள் அவர் சாப்பிட்டுத் திரும்பிவிடுவார். முதலாளி தன் பசியைத் தானே தேர்ந்தெடுத்தார், கடையும் லாபமும் அவருடையது. அந்தத் தேர்வை அடுத்தவர் வயிற்றின் மீது ஏற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு வேலை நேரம், ஓய்வு நாள், பொது விடுமுறை பற்றிய பன்னிரண்டாம் பகுதி பொருந்தாது என்று அந்த அட்டவணை விலக்கிவைத்திருக்கிறது. 60ஏ பிரிவு அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம் வாராந்திர வேலை நேரத்தை 48-இலிருந்து 45-ஆகக் குறைத்தது, மகப்பேறு விடுப்பை 98 நாளாக்கியது; வீட்டுப் பணியாளருக்குச் சட்டத்தில் இருந்த பழைய பெயரையும் மரியாதையாக மாற்றியது. விலக்கை மட்டும் தொடவில்லை. சுமத்ராவிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ வந்து நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு, 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் உரிமையை இந்த நாட்டின் வேலை வாய்ப்புச் சட்டம் தரவில்லை. வீடு தொழிற்சாலை இல்லை, அங்கே மணி அடித்து வேலை நடக்காது, அவர் குடும்பத்தில் ஒருவர் மாதிரி என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். குடும்பத்தில் ஒருவர் என்றால் எல்லாரோடும் மேசையில் உட்காருவார், அல்லது எல்லாரும் உண்டபின் கதவைச் சாத்திவிட்டு ஓய்வெடுப்பார். இரண்டில் ஒன்று நடக்கும் வீட்டுக்குச் சட்டத்தால் ஒரு கஷ்டமும் வரப்போவதில்லை. நடக்காத வீட்டுக்குத்தான் சட்டம் வேண்டும். அன்னதானத்துக்கு உபயம் எடுக்கும் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பெண் வேலை செய்கிறார். அரசாங்கம் அட்டவணையைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அந்தக் குடும்பங்களுக்கு இல்லை. கோயில் நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். பந்திக்குச் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் கூலிக்கு வருகிறவர்கள் கடைசிப் பந்தி எழுந்து இடம் கூட்டும்வரை காத்திருக்காமல், தங்கள் 5 மணி நேரம் முடிவதற்குள் இலை போட்டு உட்கார ஏற்பாடு செய்து, அந்த நேரத்தை அன்றைய நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுவிடலாம். நாடாளுமன்றத்துக்கு நாம் வைக்க வேண்டிய கோரிக்கையும் சிறியதுதான்: முதல் அட்டவணையில் வீட்டுப் பணியாளர் என்ற வரிக்கு எதிரே இருக்கும் பன்னிரண்டாம் பகுதியை அடித்துவிட வேண்டும்.